கொல்லைமேட்டில் குடியில்லை

ஞானபுரம்,
3-3-1991

கர்த்தருக்குள் அன்பான தம்பி தாவீதுக்கு அக்கா ரத்னா எழுதுவது. நாங்கள் சுகம். கல்குவாரித் தூசியில் மாமாவுக்கு இருமல் மட்டும் விடவில்லை. நீயும் லில்லியும் பெண்பிள்ளைகள் இரண்டும் அங்கே நல்ல சுகத்தோடிருக்க ஜெபிக்கிறோம்.

ஒரு வேடிக்கை கேள். ஜனக்கணக்கு எடுத்து முடித்துவிட்டார்களாம். வல்லேரிப்பாக்கம் ஊருக்குள் வீடு வீடாகப் போய் எழுதினார்கள். நம் ஞானபுரத்துக்கு ஒருத்தரும் வரவில்லை. கணக்கெடுத்தவர் கண்ணப்பன் வாத்தியார். நான் சத்துணவுக் கூடத்துக்கு அரிசி வாங்கப் போனபோது ரோட்டில் மறித்துக் கேட்டேன். அவர் சைக்கிளை விட்டு இறங்காமலே சொல்கிறார்: "உங்க எடம் சர்க்கார் புஸ்தகத்துல கொல்லைமேடுன்னு தனி கிராமம்மா. குடியில்லாத கிராமம்னு எயுதி கீது. எம்பத்தொண்ணுலயே பூஜ்யம். நான் இன்னாத்துக்கு வந்து எயுதறது?"

"அப்போ என்னாண்ட பேசிக்கினு கீறியே, நான் பேயா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே மிதித்துப் போய்விட்டார்.

எண்பத்தொன்றில் கணக்கெடுத்த வாத்தியார் நீதானே? அம்மா ஊர் முழுக்கச் சொல்லி வைத்து எல்லாரும் உனக்காகக் காத்திருந்தோம். நீ வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து, "எல்லார் பேரும் எனக்கு மனப்பாடம், அங்கேயே எழுதிட்டேன்" என்றாய். எந்தப் புத்தகத்தில் எழுதினாய், எந்த ஆபீசில் கொடுத்தாய் என்று எழுது. நான் போய் அந்தக் கண்ணப்பன் மூஞ்சியில் காட்டுகிறேன்.

உன் அன்பு அக்கா,
ரத்னா


கார்வர் ஸைடிங், நெப்ராஸ்கா,
29-3-1991

அன்புள்ள அக்காவுக்கு, தாவீது வணக்கத்தோடு எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். மாமாவை வாயில் துணி கட்டிக்கொண்டு வேலை செய்யச் சொல்லுங்கள். லில்லிக்கு ஆஸ்பத்திரியில் இரவு முறை மாறிவிட்டது. நான் அதே தானியக் கிடங்கில் எடை போடுகிறேன்.

உங்களிடம் சொல்ல ஒரு சந்தோஷமான செய்தி. எங்கள் கிராமம் அடுத்த ஆண்டு தன் நூற்றைந்தாவது ஆண்டைக் கொண்டாடுகிறது. அதற்குச் சரித்திரப் புத்தகம் போடுகிறார்கள். முன்பு வாத்தியாராக இருந்தவன், கையெழுத்து அழகு என்று என்னிடம் அந்த வேலையைக் கொடுத்திருக்கிறார்கள். 1887இல் ரயில் பாதை போட்டபோது கார்வர் என்ற மேஸ்திரி இங்கே வண்டிகள் ஒதுங்க ஒரு தனிப் பாதை போட்டார். அப்படித்தான் ஊர் பிறந்தது. அதற்கு முன் இங்கே யாரும் இல்லை, வெறும் புல்வெளி. 1910இல் 318 பேர். இரண்டு பேங்க், ஒரு ஹோட்டல், மூன்று கோயில். பிறகு மழை பொய்த்தது, மண்காற்று அடித்தது, ரயில் நின்றது, பள்ளிக்கூடம் மூடினார்கள். இன்றைக்கு 47 பேர்தான். ஊர் எல்லையில் பச்சைப் பலகையில் எழுதியிருக்கிறார்கள். அந்த 47இல் நாங்கள் நால்வரும் உண்டு. அந்தப் பலகையைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும், அக்கா.

ஒவ்வொரு வீட்டிலும் 1887 முதல் யார் யார் இருந்தார்கள் என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். ஹில்டா என்று எண்பத்துநாலு வயது அம்மாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுகிறார்.

நீங்கள் கேட்ட விஷயம் ரொம்பப் பழசு. யோசித்துப் பார்க்கிறேன்.

அன்புள்ள தம்பி,
தாவீது


ஞானபுரம்,
21-4-1991

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது. சுகம். உங்கள் சுகத்துக்கு ஸ்தோத்திரம்.

பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால் கொட்டைப்பாக்கு விலை சொல்கிறாய். உன் நாற்பத்தேழு பேர் நன்றாக இருக்கட்டும். இங்கே என்ன நடந்தது தெரியுமா?

ஒரகடம் ரோட்டோரத்தில் ஏதோ கம்பெனிக்கு இடம் எடுக்கிறார்களாம். கொல்லைமேடு முழுக்க அதில் போகிறது. புளியமரத்தில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். "குடியில்லாத கிராமம், தரிசு, ஆட்சேபணை ஏதுமில்லை." அந்த மரத்துக்குப் பக்கத்திலேயே கோவிந்தம்மா வீடு. அவள் அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது, ஒட்டிவிட்டுப் போகிறான்!

போதகரும் நானும் தாலுகா ஆபீசுக்குப் போனோம். அந்த அதிகாரி சொன்னார்: "நிலம் எடுக்கறாங்கன்னு தெரிஞ்சதும் குடிசை போட்டுக்கினு வந்து நிக்கிறீங்க. எம்பத்தொண்ணு கணக்குல ஒரு வூடு கூட இல்லயே." ரேஷன் கார்டைக் காட்டினால், அதில் வல்லேரிப்பாக்கம் என்றுதான் இருக்கிறது. ஓட்டர் லிஸ்டிலும் அப்படியே. ஐம்பத்தோரு வீடு, தம்பி. பத்து வருஷத்துக்கு முன்னால் நாம் இங்கேதான் இருந்தோம் என்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஆறு மாசத்தில் வெளியே போ என்பார்கள்.

காட்டக்கூடியவன் நீ ஒருத்தன்தான். இப்போதே எழுது.

ஆமாம், அந்த மேஸ்திரி வருவதற்கு முன் அங்கே யாருமே இல்லை என்றாயே. அதை எந்த வாத்தியார் கணக்கெடுத்து எழுதினார்?

அக்கா,
ரத்னா


கார்வர் ஸைடிங்,
14-5-1991

அன்புள்ள அக்காவுக்கு, நலம். அனைவரின் நலத்தையும் நாடுகிறேன்.

நோட்டீஸ் செய்தி கேட்டு மிகவும் வருத்தம். உடனே கலெக்டருக்கு ஒரு மனு கொடுங்கள். எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். எழுதத் தெரியாதவர்கள் கைநாட்டு வைக்கட்டும். சபையின் ஞானஸ்நானப் புத்தகத்தையும் இணையுங்கள். பழைய கணக்குப் புத்தகங்களை எல்லாம் பத்து வருஷத்தில் அழித்திருப்பார்கள், அதைத் தேடி அலையாதீர்கள்.

எனக்கு ஆகஸ்டில் குடியுரிமைக்கான நேர்காணல் இருக்கிறது. அதற்கான படிவங்களை நிரப்பிக்கொண்டிருப்பதால் நேரமே இல்லை. நிறையக் கேள்விகள். இந்தச் சமயத்தில் எந்த அரசாங்கக் காகிதத்திலும் என் பெயர் வராமல் இருப்பது நல்லது என்று வக்கீல் சொல்கிறார்.

சரித்திரப் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தை நகல் எடுத்து அனுப்பியிருக்கிறேன். பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் படிக்க உதவும்.

தாவீது


ஞானபுரம்,
11-6-1991

தம்பி தாவீதுக்கு,

உயிரோடு இருக்கிறோம். ஸ்ரீபெரும்புதூரில் போன மாதம் குண்டு வெடித்தது உனக்கு அங்கே டி.வி.யிலேயே தெரிந்திருக்கும். அன்றையிலிருந்து பஸ் இல்லை, தபால் இல்லை. ரோட்டுக்கு ரோடு போலீஸ். வெளியூர் ஆள் யாராவது ஒளிந்திருக்கிறானா என்று வீடு வீடாகத் தேடுகிறார்கள்.

இங்கேயும் வந்தார்கள். கையில் கிராம லிஸ்ட். "இது எந்த ஊரு?" என்றார் ஏட்டு. கொல்லைமேடு என்றால் லிஸ்டில் குடியில்லை. ஞானபுரம் என்றால் அப்படி ஒரு பேரே இல்லை. "லிஸ்ட்ல இல்லாத ஊர்ல இன்னா பண்ணிக்கினு கீறீங்க?" என்று பதினாலு ஆம்பிளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். உன் மாமாவும் அதில் ஒருத்தர். இரண்டு நாள் உட்கார வைத்துவிட்டு அனுப்பினார்கள். இருமிக்கொண்டே வந்து சேர்ந்தார். வந்தவர் என்னைப் பார்த்து, "உன் தம்பி எயுதினேன்னு சொன்னானே, அது எங்கடி?" என்றார்.

ஞானஸ்நானப் புத்தகம் என்று எழுதினாயே, அதிலும் வல்லேரிப்பாக்கம் என்றுதான் போட்டிருக்கிறது. மனுவில் பத்து வருஷத்துக்கு முந்தைய அத்தாட்சி வேண்டும் என்று திருப்பிவிட்டார்கள். நீ அனுப்பிய அத்தியாயத்தைப் போதகர் படித்துச் சொன்னார். 1911இல் பேங்க் மானேஜரின் குதிரைக்கு என்ன பேர் என்று வரைக்கும் எழுதியிருக்கிறாயாம். நாங்கள் நல்லபடியாகக் கேட்டோம்.

உனக்கு என்னிடம் சொல்ல ஏதோ இருக்கிறது, தாவீது. வாயில் கொழுக்கட்டை வைத்துக்கொண்டிருக்கிறாய். சொல்லிவிடு.

ரத்னா


ஞானபுரம்,
8-7-1991

தாவீதுக்கு,

உன் பதில் வரவில்லை. இனி தேவையுமில்லை.

பழைய காகிதம் அழியவில்லை. வெள்ளிக்கிழமை ஆபீசில் ஒரு நல்ல மனுஷன், கட்டைப் பிரித்துக் காட்டினார். கொல்லைமேடு. குடியிருப்பு வீடுகள்: இல்லை. ஆண்கள்: இல்லை. பெண்கள்: இல்லை. "நேரில் சென்று பார்த்து உறுதி செய்தேன்." கீழே உன் கையெழுத்து. அழகான கையெழுத்துத்தான்.

நான் அதைத் தொட்டுப் பார்த்தேன். போதகர், "வா ரத்னா, போகலாம்" என்றார். அன்றைக்கு இருந்த முப்பத்தெட்டு வீட்டையும் பெற்ற தாயையும் ஒரு வார்த்தையில் துடைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்து அவள் ஆக்கிப் போட்ட கருவாட்டுக் குழம்பைத் தின்றுவிட்டுப் போயிருக்கிறாயே, நீயெல்லாம் மனுஷனா?

ஏன்? அது ஒன்றுதான் கேட்கிறேன்.

ரத்னா


கார்வர் ஸைடிங்,
30-7-1991

அக்காவுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு அருகதையில்லை.

நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் என் ஊர் தாம்பரம் என்று சொல்லியிருந்தேன். அப்பா ரயில்வேயில் இருந்து இறந்தார் என்றும் சொல்லியிருந்தேன். ஸ்ரீபெரும்புதூரில் நான் குடியிருந்த வீட்டுக்காரரிடமும் அதைத்தான் சொன்னேன். வேறு சொல்லியிருந்தால் அந்தத் தெருவில் எனக்கு வீடு கிடைத்திருக்காது. உங்களுக்கும் இது தெரியும்.

கணக்கெடுப்பில் மேற்பார்வைக்கு வந்தவர் எங்கள் ஹெட்மாஸ்டர் பாண்டுரங்கன். என் பக்கத்திலேயே நடந்து வந்தார். வல்லேரிப்பாக்கம் முடிந்து ஏரிக்கரைக்கு வந்தோம். ஞானபுரம் தெரிந்தது. அம்மா புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு வழியில் நின்றாள். இன்னும் நூறு அடி நடந்திருந்தால் "டேய் தாவீது" என்று கூப்பிட்டிருப்பாள். ஹெட்மாஸ்டர் கேட்டார், "அங்க யாராச்சும் குடியிருக்காங்களா, சார்?" "மாடு மேய்க்கிற கொட்டாய் சார், குடியில்லை" என்றேன். அவருக்கும் வெயில். திரும்பிவிட்டோம்.

அவ்வளவுதான் நடந்தது. பிறகு திருத்திவிடலாம் என்றிருந்தேன். திருத்தவில்லை.

குடியுரிமைப் படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. பிடிபடாத குற்றம் ஏதாவது செய்திருக்கிறாயா என்று. பொய்க் கணக்கு எழுதியது குற்றம்தான். எழுதிக் கொடுத்தால் இங்கே என் பிள்ளைகள் கதி என்னவாகும் என்று பயமாக இருக்கிறது. என்னை மன்னித்துவிடுங்கள்.

தாவீது


ஞானபுரம்,
19-8-1991

தாவீதுக்கு,

உன் பிள்ளைகளுக்கு லில்லி இருக்கிறாள், வீடு இருக்கிறது, பச்சைப் பலகை இருக்கிறது. இங்கே ஐம்பத்தோரு வீட்டுப் பிள்ளைகளுக்கு அடுத்த மாசம் கூரை இருக்குமா என்று தெரியவில்லை. பயத்தைப் பற்றி எனக்கு எழுதாதே.

அம்மா அன்றைக்கு ஆஸ்பத்திரி வேலைக்கு மட்டம் போட்டாள். நடவுக்குப் போகிற பொம்பிளைகளைக் கூட நிறுத்தினாள். "என் மவன் வரான், எல்லாரும் வூட்லயே இருங்க, பேரு வுட்டுப் போயிடப் போவுது" என்று தெருத் தெருவாகச் சொன்னாள். உன்னைத் தூரத்தில் பார்த்தாள். கூட யாரோ பெரிய மனுஷன் வந்ததையும் பார்த்தாள். நீ திரும்பியதும் வீட்டுக்கு வந்து, "மேலதிகாரி அவசரப்படுத்திட்டாரு போல, பாவம்" என்றாள். சாகும்வரைக்கும் அதையே சொன்னாள். அவளுக்கு உண்மை தெரியாது என்றா நினைக்கிறாய்? எனக்கு அப்போது புரியவில்லை. இப்போது புரிகிறது.

உனக்கு வீடு கிடைத்திருக்காது என்கிறாய். கிடைத்திருக்காதுதான். எனக்குத் தெரியாதா? அந்தத் தெருக்காரர்கள் மேல் எனக்கும் கோபம் உண்டு. அதற்கு அவர்களைப் பார்த்து நீ கத்தியிருக்க வேண்டும். எங்களை அழித்திருக்கக் கூடாது.

மன்னிப்பு வேண்டாம். நோட்டரி முன்னால் எழுதிக் கொடு. நான் பொய் எழுதினேன், ஏன் எழுதினேன், அன்றைக்கு இங்கே இருந்தவர்கள் யார் யார். வீட்டு வரிசைப்படி, பேர், வயது, தொழில். மறந்துவிட்டது என்று சொல்லாதே. குதிரை பேர் ஞாபகம் வைக்கிறவன் நீ.

ரத்னா


கார்வர் ஸைடிங்,
16-9-1991

அக்காவுக்கு, நோட்டரி முத்திரையோடு எட்டுப் பக்கம் இதனுடன் இருக்கிறது.

உட்கார்ந்தபோது ஒன்றும் வராது என்று நினைத்தேன். ஏரிக்கரையில் முதல் வீடு நம் வீடு என்று எழுதியதும் எல்லாரும் வந்துவிட்டார்கள்.

"1. பாக்கியம், 50, விதவை, தொழில்: வீட்டு வேலை. மகள் ரத்னா, 34. மருமகன், கல் உடைப்பவர். 2. கோவிந்தம்மா, 40, நடவுக் கூலி. பிள்ளைகள் நான்கு. 3. சாமுவேல், 61, கண் தெரியாது..." இப்படி முப்பத்தெட்டு வீடு, நூற்று எழுபத்திரண்டு பேர். கோவிந்தம்மாவின் கடைசிப் பெண் அப்போது கைக்குழந்தை. அவள் பெயர் மட்டும் நினைவில்லை, கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நேர்காணலில் அந்தக் கேள்விக்கு ஆமாம் என்றேன். முடிவைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். இன்னொன்று. கார்வருக்கு முன் யாரும் இல்லை என்ற வரியை எடுத்துவிட்டேன். ஹில்டா அம்மாளிடம் மறுபடி கேட்டேன். அவர் தாத்தா உழுதபோது அடுப்புக் கற்களும் அம்பு முனைகளும் கூடை கூடையாக வந்ததாம். முன்பு ஏன் சொல்லவில்லை என்றேன். "நீ கேட்கவில்லையே" என்றார். அதை எழுதினேன். கமிட்டிக்காரர்கள் கொண்டாட்டப் புத்தகத்தில் இது எதற்கு என்று அந்த வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். இதை அதிகாரியிடம் மட்டும் கொடுங்கள். ஊராருக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

தாவீது


ஞானபுரம்,
20-10-1991

தாவீதுக்கு,

சுகம். மாமாவுக்கு இருமல் கொஞ்சம் தேவலை. உங்கள் எல்லாருக்கும் தேவன் சுகம் தரட்டும்.

உன் வேண்டுகோளை நான் கேட்கவில்லை. போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எட்டுப் பக்கத்தையும் நானே நின்று படித்தேன். நீ சொன்ன மாட்டுக் கொட்டாய் வரைக்கும் விடவில்லை. கோவிந்தம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். "அன்னிக்கு நானும் கூலிக்குப் போவாம குந்திக்கினு இருந்தேன்டி. அவன் நல்லா இருப்பானா?" என்று மண்ணை வாரித் தூற்றப் போனாள். பிறகு தன் வீட்டுப் பேர்களை மறுபடி படிக்கச் சொன்னாள். படித்தேன். கடைசிப் பெண் பேர் ஜெபமணி, எழுதிக்கோ என்றாள். அப்புறம் ஒவ்வொருத்தரும் தங்கள் வீட்டை மறுபடி படிக்கச் சொன்னார்கள். பிற்பகல் ஆகிவிட்டது.

தாசில்தார் நேரில் வந்தார். உன் வரிசையைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக நடந்தார். செத்தவர்களின் கல்லறையைக் கூடப் போய்ப் பார்த்துச் சரிபார்த்தார். கொல்லைமேட்டில் குடியுண்டு என்று எழுதிக் கலெக்டருக்கு அனுப்பியிருக்கிறார். நிலம் எடுப்பதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ரத்து இல்லை, நிறுத்தி வைப்புத்தான். அடுத்த முறை வந்தால் அடுத்த முறை சண்டை போடுவோம். இனி யாரும் எங்களை இல்லை என்று சொல்ல முடியாது.

அதற்கு நன்றி சொல்வேன் என்று எதிர்பார்க்காதே. நீ கொடுத்தது எங்களுடையது.

எட்டுப் பக்கத்தையும் நான் நாலு தடவை படித்தேன். சாமுவேல் தாத்தாவுக்குக் கண் தெரியாதது வரைக்கும் சரியாக எழுதியிருக்கிறாய். ஒரே ஒரு இடத்தில் மட்டும் இன்னும் பொய். முதல் வீடு. பாக்கியம், தொழில்: வீட்டு வேலை.

அம்மா எந்த வீட்டில் வேலை செய்தாள்? இருபத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரியில் கக்கூஸ் கழுவினாள். வாளியும் விளக்குமாறும் தூக்கினாள். அந்தச் சம்பளத்தில் நீ வாத்தியாருக்குப் படித்தாய். கடல் தாண்டிப் போய், அவள் செத்து ஐந்து வருஷம் ஆகி, நோட்டரி முன்னால் சத்தியம் செய்யும்போதும் அதை எழுத உன் கை கூசியிருக்கிறது. எந்த ஹெட்மாஸ்டர் உன் பக்கத்தில் நின்றார் இப்போது?

தாசில்தார் அதைக் கேட்கவில்லை. அவருக்கு இருப்பதே போதும். எனக்குப் போதாது. திருத்தி எழுதி, மறுபடி முத்திரை வாங்கி அனுப்பு. அது வரும்வரைக்கும் எனக்குக் கடிதம் போடாதே.

இப்படிக்கு,
ஆஸ்பத்திரிக் கக்கூஸ் கழுவிய பாக்கியத்தின் மகள்,
ரத்னா